சனிக்கிழமைக்கு வராத காய்ச்சல்

இராசிபுரத்தில் அந்த வருஷம் கொசுவுக்குக் குறைவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சம். சண்டைக் காலம். நூல் கூப்பனுக்குக் கிடைத்தது, அரிசி வரிசையில் நின்றால் கிடைத்தது, மண்ணெண்ணெய் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைத்தது. கொயினாப் பட்டை வந்துகொண்டிருந்த ஜாவாத் தீவு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து, மலேரியாக் காய்ச்சலை நிறுத்துகிற கொயினா மாத்திரை மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை. ஊரில் அது இருந்த ஒரே இடம் தேகசௌக்கிய சிநேகிதர் சங்கத்தின் கண்ணாடி அலமாரி.

அங்கே அது போய்ச் சேர்ந்ததும் ஒரு பெரிய மனசினால்தான். முன்பெல்லாம் காய்ச்சல் கண்டவன் தபாலாபீசுக்குப் போய் அங்கே விற்கிற கொயினாப் பொட்டலம் ஒன்றை வாங்கி விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பான். படிப்பில்லாத ஜனங்கள் மருந்தைத் தாங்களாகவே வாங்கி, தாங்களாகவே தின்று, தாங்களாகவே பிழைத்துக்கொள்வது ஒழுங்கல்ல என்று சங்கம் மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னது. ஊருக்கு வந்த கடைசிப் புட்டிகள் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. அன்று முதல் ஒரு மாத்திரைகூட வீணாகவில்லை. ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காதபோது எப்படி வீணாகும்?

சங்கத்தின் தலைவர் பாலசுந்தரம், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காரியதரிசி வக்கீல் காளியண்ணன். மற்றவர்கள் வெல்ல மண்டி முதலாளி, நிலச்சுவான்தாரான மிட்டாதாரின் மருமகன் என்று ஊரில் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற மனிதர்கள். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மூன்று மணிக்குக் கூடுவார்கள். வாராவாரம் கூடினால் கருத்து ஊறாது என்பது தலைவரின் அபிப்பிராயம். ஒருவரையொருவர் “சிநேகிதரே” என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சைக்கிள் சவாரி குடலை இறக்குமா, காப்பி ரத்தத்தைச் சுண்ட வைக்குமா என்றெல்லாம் விளக்கு வைக்கிற நேரம் வரை பேசுவார்கள். மின்சார விசிறிக் காற்று நுரையீரலுக்கு ஆகாது என்று ஒருமுறை, மேட்டூர் மின்சாரத்தில் சுழன்ற விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தீர்மானம் போட்டார்கள். விசிறியை நிறுத்தவில்லை, தீர்மானம் ஜனங்களுக்குத்தானே.

சங்கத்தில் டாக்டர் யாரும் கிடையாது. ஆரம்பத்தில் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்லிக் கூட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார் என்று விலக்கிவிட்டார்கள்.

நெசவுத் தெரு நாச்சிமுத்துவுக்கு இப்படியொரு சங்கம் இருப்பதே தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தறி, தறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இராட்டையில் நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிற பெண்டாட்டி சுப்பம்மாள், அவள் ஓயாமல் பேசுகிற பேச்சு. பிள்ளை இல்லை. அதைச் சாக்காக வைத்து இரண்டாம் கல்யாணம் பேச வந்த ஒருவனிடம், “இவ பேச்சக் கேக்கவே எனக்கு ஆயுசு பத்தாதுங்க, இன்னொருத்தி பேச்ச எப்பங்க கேக்கறது?” என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவளில்லாமல் அவனுக்கு ஒரு பொழுது ஓடாது. இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தெருவுக்கே தெரியும்.

ஐப்பசி மழை விட்ட கையோடு ஒருநாள் நடுப்பகலில் சுப்பம்மாளுக்குக் குளிர் எடுத்தது. கம்பளி, கோணிச்சாக்கு, பெட்டியில் இருந்த சேலை என்று வீட்டிலிருந்த அத்தனையையும் போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டு ஆடினாள். பிறகு உடம்பு கொதித்தது. பொழுது சாய வேர்த்து ஆறியது. மறுநாள் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி இராட்டையை இழுத்து வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள், அதே நேரம், மறுபடியும் குளிர். முறைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் வந்தது.

நாச்சிமுத்து பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்துச் சேலம் வரை போனான். மருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். திரும்பி வந்தவனிடம் பக்கத்து வீட்டுக் குழந்தைவேல்தான் சங்கத்தைப் பற்றிச் சொன்னான். குழந்தைவேலும் நெசவாளிதான், இருவரும் சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள்.

“அலமாரி நெறையா வெச்சிருக்கறாங்க பங்காளி. நீ போய்க் கேளு. வேண்டாம்னா சொல்லப் போறாங்க? சிநேகிதர் சங்கம்னு போர்டே போட்டிருக்குதே.”

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். அன்று சுப்பம்மாளுக்குக் காய்ச்சல் இல்லாத நாள். நடந்தே வந்தாள், வழியெல்லாம் பேசிக்கொண்டும் வந்தாள்.

“ஏனுங்க சாமி, எங்கூட்டுக்காரிக்கு முறைக்காச்சலுங்க. ரெண்டு கொயினா மாத்திரை தயவு பண்ணோணும்” என்று நாச்சிமுத்து கும்பிட்டான்.

காளியண்ணன் தெர்மாமீட்டரை உதறி அவள் வாயில் வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சிநேகிதர்களே, இந்த அம்மாளுக்குக் காய்ச்சல் இல்லை” என்று அறிவித்தார். எல்லோரும் மகிழ்ச்சி தெரிவித்தார்கள்.

“இன்னிக்கு இல்லீங்க. நேத்து இருந்துச்சுங்க. நாளைக்கு வருமுங்க” என்றான் நாச்சிமுத்து.

பாலசுந்தரம் எழுந்து நின்றார். சும்மா பேச அவருக்கு வராது. எழுந்து நின்றால்தான் வரும்.

“அப்பனே, நேற்றுப் போனதற்கும் நாளை வரப்போவதற்கும் இன்று எப்படி மருந்து கொடுப்பது? கண்ணால் கண்ட காய்ச்சலுக்கே மருந்து என்பது நம் சங்கத்தின் விதி. நான் உண்டாக்கிய விதி. பஞ்ச காலத்தில் நான் தாலுகாவில் இருந்தேன். பசி பசி என்று வருவார்கள். நம்பிவிடுவதா? எதிரே உட்கார வைத்துப் பசி மெய்தானா என்று பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலருக்குப் பசி அடங்கிவிடும். எழுந்துகூடப் போகமாட்டார்கள். அப்படித்தான் சர்க்கார் தானியத்தைக் காப்பாற்றினேன். கலெக்டர் துரை கையைக் குலுக்கினார்.”

சிநேகிதர்கள் கை தட்டினார்கள். நாச்சிமுத்துவும் தட்டினான், தட்டாமல் இருந்தால் மாத்திரை கிடைக்காதோ என்று பயம்.

திரும்பி வரும்போது சுப்பம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள். “அத்தன பெரிய மனுசரும் என்னயப் பாத்து ரொம்ப நல்லா இருக்கறேன்னு சொன்னாங்க. இத்தன வருசத்துல உங்க வாயில இருந்து ஒரு நா வந்திருக்குமா அந்தச் சொல்லு?”

காய்ச்சல் மறுநாள் வந்தது. நாச்சிமுத்து தறியை விட்டு எழுந்து தலைவர் வீட்டுக்கு ஓடினான். “இப்ப இருக்குதுங்க சாமி, கொதிக்குதுங்க, சித்தெ வந்து கண்ணால பாத்துப்போடுங்க” என்றான். பாலசுந்தரம் ஊஞ்சலில் இருந்தார். வீட்டில் தாம் சிநேகிதர் அல்லவென்றும், வெறும் தனி மனிதர் என்றும், தனி மனிதர் ஒருவர் காய்ச்சலைப் பார்த்துப் பிரயோஜனம் என்ன என்றும் கேட்டார். “அது போகட்டும், நெசவுத் தெருவில் கொசு அதிகமாமே. அங்கே வந்தால் காய்ச்சல் வந்துவிடுமப்பா” என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்.

குழந்தைவேல் கொஞ்சம் கணக்குத் தெரிந்தவன். சுவரில் சுண்ணாம்பால் சங்கம் கூடுகிற நாளுக்கு ஒரு வரிசையும் காய்ச்சல் வருகிற நாளுக்கு ஒரு வரிசையும் கோடு போட்டுப் பார்த்தான். காய்ச்சல் வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்தது. சங்கம் கூடுகிற சனிக்கிழமையை மட்டும் தாண்டிப் போயிற்று. சுவர் தீருகிற வரை கோடு போட்டும் இரண்டும் ஓரிடத்தில்கூடச் சந்திக்கவில்லை.

“வருசம் பூராப் போனாலும் சேராது பங்காளி. ரெண்டுல ஒண்ணு ஒரு நா நகுந்து குடுக்கோணும்.”

“சங்கத்துக்காரங்களக் கேட்டா நகுத்த மாட்டாங்களா? ஒரு நா தானே?” என்றான் நாச்சிமுத்து.

கேட்டான். அடுத்த கூட்டத்தில் கும்பிட்ட கையை எடுக்காமல் கேட்டான். அவர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வைத்திருந்த ‘மூக்குப்பொடியும் மூளையும்’ என்ற விஷயத்தையே ஒத்திப்போட்டு, காய்ச்சலுக்காகச் சங்கம் வளைவதா, சங்கத்துக்காகக் காய்ச்சல் வளைவதா என்று விவாதம் வைத்தார்கள். வெல்ல மண்டி முதலாளி, எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்போடு சிந்திப்பதுதான் இந்தச் சங்கத்தின் அஸ்திவாரம், வெள்ளிக்கிழமையில் அது நடக்காது, அன்று எண்ணெய் முழுக்கு தன் வீட்டம்மாளுக்கு என்றார். காளியண்ணன் கோர்ட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

“இன்று ஒரு காய்ச்சலுக்காகக் கூட்ட நாளை மாற்றுவோம். நாளை ஒரு வயிற்றுப்போக்கு வந்து நேரத்தை மாற்றச் சொல்லும். அதற்கும் இணங்கினால், சிநேகிதர்களே, இந்தச் சங்கத்தை நடத்துவது நாமா, நோயாளிகளா?”

காய்ச்சலே ஒருநாள் தள்ளி வர வேண்டியது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. “உன் சம்சாரத்திடம் பக்குவமாக எடுத்துச் சொல்லப்பா, கேட்பாள்” என்றார் பாலசுந்தரம்.

“சரிங்க” என்றான் நாச்சிமுத்து.

அதற்குள் சுப்பம்மாள் பாதியாகியிருந்தாள். முகம் வெளுத்து, கண் உள்ளே போய், இடப்பக்கம் வயிற்றில் கல்லு மாதிரி ஒன்று கட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லாத நாளிலும் தாரைச் சுற்றப் பாதியில் கை ஓய்ந்துவிடும். அதைவிட நாச்சிமுத்துவைக் கலக்கியது, அவள் பேச்சுக் குறைந்ததுதான். நாடாவை ஓட்டிக்கொண்டே இருப்பான். எதிர்ப்பக்கம் சத்தமில்லை என்று திடீரென்று உறைக்கும். நாடாவை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பான். “இருக்கறன், இருக்கறன், ஓட்டுங்க” என்பாள்.

சங்கத்தின் தீர்மானத்தைக் கேட்டதும் மட்டும் பழைய மாதிரி சிரித்தாள். “காச்சலுக்கு நாள் குறிச்சுக் குடுத்துட்டாங்களாமா? சரி, சொல்லிப்போட்டு வாங்க. எந்த ஊட்டுல இருக்குதுன்னு கேட்டீங்களா?”

வழி சொன்னவன் குழந்தைவேல்தான். அந்தத் தெருவில் யாருக்காவது முறைக்காய்ச்சல் வந்தால் வீட்டுக் கதவில் கரியால் ‘நாளை வா’ என்று எழுதி வைப்பது வழக்கம். காய்ச்சல் வாசல்வரை வரும், படிக்கும், சரி நாளைக்கு வருவோம் என்று திரும்பிப் போகும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்துத்தான் இருக்கும். இப்படியே நடையாய் நடந்து சலித்துப்போய் வேறு தெருவுக்குப் போய்விடும் என்பது நம்பிக்கை. காய்ச்சலுக்குப் படிக்கத் தெரியும் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை. தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். சுப்பம்மாள் மட்டும் கதவைக் கரியாக்கக் கூடாது என்று இத்தனை நாளும் விடவில்லை.

“பங்காளி, எல்லாரும் எழுதி அப்படியே உட்டுர்றாங்க. நாம வெள்ளிக்கிழம மட்டும் எழுதுவோம். சனிக்கிழம காலைல அழிச்சுப்போடுவோம். நாளைக்கு வான்னு சொன்னா, அது நாளைக்கு வந்துதான ஆகோணும்?”

நாச்சிமுத்துவுக்கு அது நியாயமாகவே பட்டது. நகர மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவரைக் கேட்டுப் பார்ப்பதுதானே முறை.

சங்கம் கூடுகிற வாரத்து வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழந்தைவேல் எழுதினான். சுப்பம்மாள் படுத்தபடியே பார்த்தாள். “ஊரெல்லாம் வந்தராதேன்னு எழுதும். எங்கூட்டுக்காரரு வரச் சொல்லி எழுத வெக்கறாரு. எனக்கு வாச்ச மகராசன்” என்றாள்.

நடுப்பகல் வந்தது. நாச்சிமுத்து தறியில் உட்காரவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். குளிர் எடுக்கவில்லை. பொழுது சாய்ந்தது. எடுக்கவில்லை. கேட்டதற்கு இணங்கி, காய்ச்சல் ஒருநாள் தள்ளிக்கொண்டது. அதற்குச் சிநேகிதர் என்று பெயர் இல்லை, போர்டும் இல்லை. ஆனாலும் அது இணங்கியது.

சனிக்கிழமை காலையில் நாச்சிமுத்து ஈரத்துணியால் கதவைத் துடைத்தான். எங்காவது ஓர் எழுத்தின் வால் ஒட்டிக்கொண்டிருந்து, காய்ச்சல் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது? மரம் வெளுக்கத் துடைத்தான். பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக் காத்திருந்தான்.

சரியாக நடுப்பகலில் சுப்பம்மாளின் பல் கிட்டியது. இதுவரை வந்த குளிரெல்லாம் சும்மா என்கிற மாதிரி கட்டிலோடு சேர்ந்து ஆடினாள். நாச்சிமுத்து சந்தோஷப்பட்டான். வேறு எப்படிச் சொல்வது? பெண்டாட்டி நடுங்குவதைப் பார்த்து அவன் கண்ணில் சந்தோஷத்தால் நீர் வந்தது. “வந்துருச்சு பங்காளி, வந்துருச்சு! வண்டியக் கட்டு!” என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான்.

இரவல் மாடு தேடிப் பூட்டிக் கிளம்புவதற்குள் மணி மூன்று தாண்டிவிட்டது. வண்டியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். போர்வைக்குள்ளிருந்து, “சொன்ன பேச்சுக் கேக்குது பாருங்க, உங்களாட்டமே” என்றாள். அதற்கப்புறம் அவள் பேசினது அவனுக்கு விளங்கவில்லை.

சங்கத்தின் வாசலில் வண்டி நின்றபோது கூட்டம் தொடங்கியிருந்தது. பாலசுந்தரத்தின் சொற்பொழிவு. விஷயம், ‘அவசரம்: நவநாகரிக வாழ்க்கையின் மகா வியாதி.’

“நம் பாட்டன்மார் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். யாராவது அவசரப்பட்டார்களா? இன்றைக்கு ரயில், மோட்டார், தந்தி. தந்தியால் என்ன லாபம் கண்டோம்? முன்பு பினாங்கில் ஒருவன் இறந்தால் கடிதம் வரும்வரை வீட்டில் இரண்டு மாதம் உயிரோடு இருந்தான். இப்போது உடனே செத்துவிடுகிறான்!”

நாச்சிமுத்து வாசற்படியில் வந்து நின்றான். “சாமி, காச்சல் வந்துருச்சுங்க. சனிக்கிழமையே வந்துருச்சுங்க. வண்டியில இருக்குதுங்க, சித்தெ வந்து பாத்துப்போடுங்க.”

காளியண்ணன் உதட்டில் விரலை வைத்தார். “சொற்பொழிவு முடிந்தபின் வந்தனோபசாரம். வந்தனோபசாரம் முடிந்தபின் நோயாளிகள். உட்கார்.”

“தாங்க மாட்டாளுங்க…”

பாலசுந்தரம் கோபிக்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சிநேகிதர்களே, நான் இத்தனை நேரம் வார்த்தையால் சொன்னதைக் கடவுள் ஆளாகவே அனுப்பி வைத்திருக்கிறார். இவனைப் பாருங்கள். கண்ணில் அவசரம், மூச்சில் அவசரம். இவன் சம்சாரத்துக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? இங்கிருந்துதான்!” என்று நாச்சிமுத்துவின் நெஞ்சைச் சுட்டிக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அவன் வண்டிக்கு ஓடினான், வாசற்படிக்கு ஓடினான், மறுபடி வண்டிக்கு ஓடினான். ஒவ்வொரு முறை அவன் ஓடியதும் சொற்பொழிவில் உதாரணமாகச் சேர்ந்தது. குழந்தைவேல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். குளிர் நின்று உடம்பு கொதித்தது. கையை வைக்க முடியவில்லை. கண் மேலே செருகியது. ஒருமுறை உடம்பு வில்லாக வளைந்து விறைத்துத் தளர்ந்தது. நாச்சிமுத்து அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். சுப்பு, ஏதாச்சும் பேசு, ஒரு வார்த்த பேசு என்று கெஞ்சினான். வெயில் இறங்கியது. உள்ளே வெல்ல மண்டி முதலாளி வந்தனோபசாரத்தில் தலைவருடைய தகப்பனாரின் பெருமையைத் தொட்டிருந்தார்.

ஒருவழியாகச் சிநேகிதர்கள் வெளியே வந்தார்கள். காளியண்ணன் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லை” என்றார். “சாதாரண அளவுக்கும் கீழேயே இருக்கிறது. உடம்பு சில்லென்று இருக்கிறது.”

“யோவ், செத்துப் போயிட்டாய்யா!” என்று குழந்தைவேல் அலறினான். “உங்க வாசல்லயே செத்துப் போயிட்டா!”

பாலசுந்தரம் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். “வருந்தத்தக்க விஷயம். ஆனால் நம்முடையது தேகசௌக்கிய சங்கம். சௌக்கியம், அசௌக்கியம் இவ்விரண்டும் நம் பொறுப்பு. இது இரண்டிலும் சேராது. எனினும் சிநேகிதர்களே, விதி வேறு, இரக்கம் வேறு” என்று சொல்லி, காரியதரிசியை உள்ளே அனுப்பி அலமாரியைத் திறக்கச் செய்தார். ஒரு கொயினா மாத்திரையை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, நாச்சிமுத்துவின் கையில் வைத்தார். சங்கம் கொடுத்த முதல் மாத்திரை அதுதான். மறுபடியும் கை தட்டினார்கள், இந்தத் தடவை மெதுவாக.

நாச்சிமுத்து உள்ளங்கையைப் பார்த்தான். அது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. அவளையும் பார்த்தான். பிறகு தலைவரைப் பார்த்து, “இதச் சோத்துக்கு முன்னால குடுக்கோணுமுங்களா, சோத்துக்குப் பொறவுங்களா?” என்று கேட்டான்.

சிநேகிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி. “முன்னால்தான்” என்றார் ஒருவர். “வெறும் வயிற்றிலா? நன்றாயிருக்கிறது!” என்றார் இன்னொருவர். பேசிக்கொண்டே எல்லோரும் உள்ளே போனார்கள், நாற்காலிகள் இழுபட்டன, யாரோ விசிறியைப் போட்டார்கள்.

குழந்தைவேல் அழுதுகொண்டே மாட்டை வண்டியில் பூட்டினான். “வா பங்காளி, ஊட்டுக்குப் போலாம்” என்று தோளைத் தொட்டான்.

நாச்சிமுத்து மாத்திரையைப் பொத்திப் பிடித்தபடி வாசற்படியைப் பார்த்துக்கொண்டே நின்றான். “சித்தெ இருப்பா” என்றான். “இப்பச் சொல்லிருவாங்க.”